இரண்டேகாலுக்கு நின்ற சலவையகம்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணிக்குக் கணவர் தம் இல்லறத்திலேயே முதன்முறையாகத் துணிந்து ஒரு காரியம் செய்தார். மனைவியின் சலவையகத்தை நிறுத்தினார்.

மாடியறையில் அமர்ந்தபடியே, ஒரே சொடுக்கில் நிறுத்தினார். எந்த வீட்டில் துணி எடுப்பது, எந்த இயந்திரத்தில் போடுவது, எப்போது தேய்ப்பது, யாரிடம் சேர்ப்பது என்று கடையின் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏவும் மென்பொருள் அவர் நிறுவியது. ஓப்பன் சோர்ஸ், யாரும் எடுத்தாளலாம், விலை கிடையாது. ஓராண்டுக்கு முன் அதைக் கொண்டுவந்தபோது, பைசாச் செலவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அதைத் தாலாட்டிச் சீராட்டுவதிலேயே அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன என்பது வேறு.

நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. ஆறு மணி ரயிலில் இருவரும் மைத்துனர் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். எட்டு நாள். மைத்துனர் தம் சிறுநீரகக் கல்லைப் புட்டியில் இட்டுப் பத்திரப்படுத்தியிருப்பவர். பிறர் சாப்பிடும் வேளையில்தான் அதை எடுத்துக் காட்டுவார். மறுநாளோ சதுரங்க மன்றத்தின் இறுதிப் போட்டி. பதினேழு ஆண்டுகளில் கணவர் இறுதிச் சுற்றை எட்டியது இதுவே முதல் தடவை. மனைவியிடம் அதைச் சொல்லத்தான் நா எழவில்லை. கடை திணறும், மேலாளர் அலறுவார், தம்மை விட்டால் ஆளில்லை என்பது விளங்கும், மனைவி தனியே ரயிலேறுவார். இதுவே திட்டம்.

மூன்று மணிக்குக் கடையிலிருந்து அழைப்பு வரவில்லை. மூன்றரைக்கும் வரவில்லை. விடுதிக்காரரின் இருநூறு படுக்கை விரிப்புகள் இந்நேரம் மலையாய்க் குவிந்திருக்க வேண்டுமே என்று அவர் மாடிப்படியில் பாதி இறங்கி நின்று காதைத் தீட்டிக்கொண்டார். கீழே மனைவியின் கைப்பேசி சிணுங்கியது. அவர் இன்னும் இரண்டு படி இறங்கினார். அழைத்தவர் காய்கறிக்காரர்.

நான்கு மணிக்குப் பொறுமை கைவிட்டது. இறங்கி வந்தார்.

"கடையிலேர்ந்து போன் ஏதும் வந்துச்சா?"

"வரலையே. ஏங்க?" மனைவி நிமிரவில்லை, சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டம் நின்னுபோச்சு. பெரிய கோளாறு. நீ மட்டும் போய்ட்டு வா. எட்டு நாளும் நான் பக்கத்துலயே இருந்து பாத்தாகணும்."

"அடடா. தானா நின்னுச்சா?"

"தானாத்தான்."

மனைவி சட்டையைப் பெட்டியில் வைத்தார். பிறகு, தேர்வில் தோற்ற பிள்ளையிடம் மதிப்பெண்ணைச் சொல்பவரைப் போல நிதானமாகச் சொன்னார். கடை மூன்று வாரமாகவே அவருடைய மென்பொருளை நம்பி ஓடவில்லை. மாத வாடகைக்கு வேறொன்றை அமர்த்தியாயிற்று. பழையதற்கு விலை இல்லைதான். ஆனால் அது குடியிருக்கும் சர்வர் கணினிக்கு வாடகை, புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அரைநாள் முடக்கம், துணி தாமதமானால் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி, இவற்றோடு ஞாயிறுதோறும் மாடியில் காணாமற்போகும் ஒரு கணவர். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் புதியதே மலிவு. அவர் ஆசையாகப் பார்த்துக்கொள்கிறாரே என்றுதான் பழையதைப் பக்கத்தில் வெறுமனே ஓடவிட்டிருந்தார்களாம்.

கணவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மனசு ஒடிஞ்சு போவீங்க. அது கெடக்கட்டும். உங்க சிஸ்டம் நின்னா எனக்கும் மெசேஜ் வரணும்னு நீங்கதானே செஞ்சு வெச்சீங்க? ரெண்டேகாலுக்கு வந்துச்சு. நிறுத்தினவர் பேரும் அதுல இருக்கு."

அந்த மென்பொருள் இத்துணை ஒழுங்காக வேலை செய்த நாள் அந்த ஓராண்டில் வேறில்லை. கணவரின் காதுமடல்கள் சிவந்தன. தரையைப் பார்த்தபடி, சதுரங்கப் போட்டியைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லி முடித்தார்.

"தெரியுமே," என்றார் மனைவி. "காலையில கிளப்புச் செயலாளர் போன் பண்ணினார். பாவம், இருந்து ஆடட்டும்னு பத்து மணிக்கே உங்க டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்."

கணவர் முகத்தில் விளக்கெரிந்தது. "அப்ப நான் வர வேணாமா?"

"ரெண்டரைக்குத் திரும்ப எடுத்துட்டேன்." மனைவி பெட்டியை அழுத்தி மூடினார். "மேல் பெர்த்துதான் கெடச்சுது."