கண்டெய்னர் வரிசையில் நாலு சாமிகள்

நாலு கோயில்கள் ஒன்றுசேர்ந்து ஏதோ செய்யப்போகின்றன என்றால் முதலில் டி-ஷர்ட் அடிப்பார்கள். அப்புறம் பேனர். அப்புறம் கமிட்டி. என்ன செய்யப்போகிறோம் என்பதை அதற்கும் அப்புறம், டீ பிஸ்கட்டோடு உட்கார்ந்து யோசிப்பார்கள். நான் ஏதோ ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த டி-ஷர்ட்டுக்கு நிறம் தேர்ந்தெடுத்த மூதேவியே நான்தான். (வெளிர் மஞ்சள். ஒரு தடவை துவைத்த பிறகு அது என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.)

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கடலோரமாக இருக்கும் எங்கள் நாலு கத்தோலிக்கக் கோயில்களும் சேர்ந்து அந்த வருஷத்தைப் ‘புதுப்பித்தல் ஆண்டு’ என்று அறிவித்தன. நாலு கோயில் சனமும் சேர்ந்து வேலை செய்யும், சேர்ந்து செபிக்கும், பழைய பகையை மறக்கும் என்பது ஏற்பாடு. சேர்ந்து கடற்கரையைச் சுத்தம் செய்தோம். யார் மூட்டையில் குப்பை அதிகம் என்று சண்டை. சேர்ந்து ரத்ததானம் செய்தோம். எந்தக் கோயில்காரன் முதலில் மயங்கி விழுந்தான் என்று சண்டை. சேர்ந்து பாட்டுப் பயிற்சி வைத்தோம். நாலு பாடகர் குழுவும் ஒரே பாட்டை நாலு வேகத்தில் பாடின. கடைசியாக முடித்தவர்கள் தாங்கள்தான் பக்தியாகப் பாடியதாகச் சொல்லிக்கொண்டார்கள். இந்த அழகுக்கு நான் இளைஞர் அணிச் செயலாளர்.

அப்போது மாதவரத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் கிளார்க்காக இருந்தேன். இருபத்தெட்டு வயது, எல்லாம் தெரியும் என்கிற முகம். புதுப்பித்தலில் எனக்கிருந்த அக்கறை முழுவதும் காசிமேட்டுப் பக்கம் குப்பத்துக் கோயிலில் பாடிய ஸ்டெல்லாவின் மேல்தான். அவளுக்கும் என்மேல் இஷ்டம். குறுக்கே நின்றவர் அவள் அப்பா ஞானப்பிரகாசம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், குப்பத்துக் கோயிலின் பேரவைத் தலைவர், தம்பிகளெல்லாம் படகு வைத்திருப்பவர்கள். அவரை நான் வாயால் ‘அங்கிள்’ என்றும் மனசுக்குள் ‘மாமா’ என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆண்டு நிறைவுக்கு நாலு கோயில் சாமி சுரூபங்களையும் ஒரே ஊர்வலமாகத் திருவொற்றியூரிலிருந்து குப்பத்துக் கரைக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம். பொழுது சாய்வதற்குள் சாமி கரையில் இறங்க வேண்டும். ஃபாதர் படகுகளை மந்திரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் படகுகள் கடலுக்குப் போகும். எல்லாம் சரி, நாலு சாமிகளில் யார் முன்னால் போவது? கூட்டம் கூட்டமாகப் போட்டும் இது மட்டும் தீரவில்லை.

“எங்க செபஸ்தியாருதான் பழசு. அவருதான் முன்னால.”

“பழசுன்னா பத்திரமா மூலைல குந்த வை. முன்னால இன்னாத்துக்கு?”

ஸ்டெல்லாவின் அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக நான் எழுந்தேன். நாலு பேரையும் ஒரே நாற்பதடி ட்ரெய்லரில் ஏற்றிவிடலாம் என்றேன். அதிலும் முதலில் நிற்பவர் முன்னால்தானே என்று கேட்டார்கள். வண்டி போகிற திசையைப் பார்த்து நின்றால்தானே முன்னால், பின்னால்? சாலையோரத்தைப் பார்த்து நிற்க வைப்போம். இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம், பிளாட்பார பெஞ்சில் இரு பக்கமும் உட்கார்வதுபோல. கைதட்டினார்கள். நான்கு புனிதர்களை ஒருவருக்கொருவர் முதுகு காட்டி நிற்க வைத்துவிட்டு அதற்கு ‘ஒற்றுமைத் தேர்’ என்று பெயரும் வைத்தேன்.

கைதட்டல் தலைக்கேறியது. குப்பத்துக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. புறப்பட்ட சுரூபம் ஓர் அடிகூடப் பின்னால் வரக்கூடாது. சந்தில் மாட்டிக்கொண்டால் எதிர் வீட்டுக் கூரையைப் பிரித்தாவது வழி பண்ணுவார்களே தவிர, சாமியைப் பின்வாங்க விடமாட்டார்கள். ஞானப்பிரகாசத்தின் மனசைக் குளிரவைக்க, இதை நாலு கோயிலுக்கும் பொது விதியாக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். தோளில் போகிற சாமிக்கு உண்டான வழக்கத்தை நாற்பதடி வண்டிக்கு மாட்டிவிட்ட அறிவாளி வடசென்னையிலேயே நான் ஒருவன்தான். யார்டில் வேலை பார்த்தவன் வேறு!

கூட்டம் முடிந்ததும் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, பொழுது சாயறதுக்குள்ள சாமிய கரைக்குக் கொண்டாந்து சேரு. அப்பால வூட்டுக்கு வா, ஸ்டெல்லா விசயம் பேசலாம்.”

“கண்டிப்பா அங்கிள்!”

“சேக்கலன்னா வராத.”

வண்டி ஓட்ட வண்ணாரப்பேட்டை பாஷா பாயைப் பிடித்தேன். யார்டில் பழக்கம். வண்டியைக் கழுவி, சாம்பிராணி போட்டு, புதுச்சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “இருவது வருசமா ஹார்பர் லோடு அடிச்சிகினு கீறேன் நைனா. இந்த ரோட்ல கண்ண மூடிகினு ஓட்டுவேன்” என்றார். அன்றைக்கு உண்மையாகவே அப்படித்தான் ஓட்டினார்.

மத்தியானம் புறப்பட்டோம். ட்ரெய்லரில் நாலு சாமிகள், பூ, சீரியல் லைட், ஜெனரேட்டர், பேனர், கையில் மைக்கோடு நான். பின்னால் மஞ்சள் சட்டையில் சனம். குப்பத்துக்குத் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாலை பிரியும். ஒரு பாதை குப்பத்துப் பக்கம்; இன்னொன்று, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கென்று இரண்டு பக்கமும் தடுப்புப் போட்ட பாதை. அதில் நுழைந்த வண்டி கேட் வரைக்கும் வெளியே வர முடியாது. நான் மைக்கில் ‘ஒன்றே குலமாய் நடப்போம்’ என்று முழங்கிக்கொண்டிருந்தபோது வண்டி அந்தத் தடுப்புக்குள் நுழைந்துவிட்டது.

“பாய்! இங்க எங்க பாய் போறீங்க?”

“அய்ய... கை தானா போயிட்ச்சு நைனா! இருவது வருசப் பழக்கம், நான் இன்னா பண்ண? மெர்சலாவாத. பின்னால வண்டி இன்னும் வர்ல. கொஞ்சம் ரிவர்ஸ் அடிச்சா முடிஞ்சிட்ச்சு.”

கொஞ்சம் ரிவர்ஸ்! என் வாழ்க்கையே அந்தக் கொஞ்சத்தில் இருந்தது. பாய் கியரில் கை வைத்ததும் கீழேயிருந்து ஒரு குரல்: “சாமி பின்னால போவக் கூடாது! தீர்மானம் போட்டுக்கீது!” நான் போட்ட தீர்மானம். கமிட்டி அங்கேயே, நட்ட நடு ரோட்டில், அவசரக் கூட்டம் போட்டது. (தலைமை உரை வேறு நடந்தது. சத்தியமாக.) சாமிகள் பக்கவாட்டில் பார்த்து நிற்பதால் வண்டி பின்னால் போனாலும் சாமி பின்னால் போனதாக ஆகாது, பக்கவாட்டில்தான் போகிறார் என்று ஒருவர் வாதாடினார். அப்படியென்றால் இவ்வளவு நேரம் முன்னால் வந்ததும் கணக்கில் சேராதா என்று இன்னொருவர் மடக்கினார். ஓட்டெடுப்பு இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. யாரோ ஒரு புண்ணியவான் மனம் மாறி, ‘பக்கவாட்டில் நகரலாம்’ என்று தீர்மானம் நிறைவேறியபோது, எங்களுக்குப் பின்னால் காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து வந்த கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றுகொண்டிருந்தன.

வரிசை நகர்வது எப்படியென்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லாரிக்காரர்கள் இறங்கி அடுப்புப் பற்றவைத்துச் சமைக்க ஆரம்பித்தார்கள். ஆந்திரா டிரைவர் ஒருவர் எங்கள் சாமிகளைப் பார்த்து நெகிழ்ந்துபோய் ஊதுபத்தி ஏற்றி, வண்டி சீக்கிரம் நகரட்டும் என்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். எங்கள் பாடகர் குழு முதலில் பாடியது, அப்புறம் முணுமுணுத்தது, அப்புறம் தடுப்புக்கு வெளியே பஜ்ஜி தின்னப் போனது. வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மைக் அணையாமல் இருந்ததால் அதை எல்லோரும் கேட்டார்கள்.

போன் அடித்தது. ஞானப்பிரகாசம்.

“எங்கப்பா கீற? கரைல மொத்த சனமும் நின்னுகினு கீது.”

“அங்கிள்... ஹார்பர் க்யூல, அங்கிள்.”

“நீ இன்னாத்துக்கு அங்க போன?”

“சாமியும் இங்கதான் அங்கிள்...”

லைன் அறுந்தது. கொஞ்ச நேரத்தில் குப்பத்து ஆட்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடலோரக் கருங்கற்கள் மேலேறித் தடுப்பைத் தாண்டி வந்தார்கள். எது எந்தக் கோயில் சாமி என்றுகூடக் கேட்காமல் கைக்கு எட்டியதைத் தோளில் தூக்கினார்கள். எங்கள் ஆட்களும் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்கள். யார் முன்னால் போனது, யார் பின்னால் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வருஷம் முழுக்கக் கூட்டம் போட்டு, பிஸ்கட் தின்று, எங்களால் செய்ய முடியாததை ஒரு டிராஃபிக் ஜாம் செய்துவிட்டது. (பெருமைப்பட வேண்டாம். அடுத்த வாரமே, தூக்கியவர்களுக்கு ஏன் டி-ஷர்ட் தரவில்லை என்று சண்டை ஆரம்பித்தது.)

நானும் தடுப்பைத் தாண்டக் காலைத் தூக்கினேன். பாய் என் சட்டையைப் பிடித்தார்.

“எங்க மாமு நழுவற? வண்டிய உள்ள மாட்டிவுட்டுட்டு நான் மட்டும் பேஜாராவணுமா? குந்து!”

குந்தினேன். சூரியன் இறங்கும்போது கரைப் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. சாமி சேர்ந்துவிட்டார். நான் சேரவில்லை. பூவும் சீரியல் லைட்டும் மினுக்க, ‘புதுப்பித்தல் ஆண்டு’ பேனரோடு காலி ட்ரெய்லரில் ஒரு முட்டாள் துறைமுக கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். ஸ்டெல்லாவை இன்னொருவனுக்குக் கட்டிவைத்து, அதற்கும் என்னையே பேனர் கட்டச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டில் காவலுக்கு நின்றவர் வண்டியைச் சுற்றி வந்தார்.

“பேப்பர்?”

“இல்ல சார்.”

“சரக்கு?”

“எறக்கியாச்சு சார்.”

“எங்க எறக்கின?”

“வழில சார். கடலோரமா. ஆளுங்க வந்து தோள்ல தூக்கினு போயிட்டாங்க.”

உண்மையைத்தான் சொன்னேன். அதைச் சொல்கிறபோதே எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. எங்கள் இரண்டு பேரையும் ஓரமாக உட்கார வைத்தார்கள். பாய் என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் யார்டுப் பழக்கம் மொத்தமும் கருகிப்போனது. வீட்டில் யாரையாவது வரச்சொல் என்றார் காவலர். அப்பா அம்மா கரையில், கூட்டத்தில், போன் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஞானப்பிரகாசத்துக்கே அடித்தேன்.

கரையில் மந்திரிப்பு முடிந்து, கால் நிறைய ஈர மணலோடு வந்தார். ஓய்வு பெற்றவர்களுக்கான துறைமுக அட்டையைக் காட்டினார். விஷயத்தை விளக்கினார். காவலர் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

“சரிங்க. சொந்தக்காரங்கன்னா கையெழுத்துப் போட்டுக் கூட்டினு போங்க. இவரு உங்களுக்கு இன்னா ஓணும்?”

ஞானப்பிரகாசம் என்னைப் பார்த்தார். மஞ்சள் சட்டை, கழுத்தில் யாரோ போட்ட மாலை, கையில் இன்னும் அந்த மைக். பெருமூச்சு விட்டார்.

“மருமவன்” என்றார். “எழுதிக்கோங்க.”

பாய்தான் பக்கத்தில் சாட்சி. தட்டு மாற்றவில்லை, பூ வைக்கவில்லை. என் நிச்சயதார்த்தம் கண்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு நடுவே, துறைமுக கேட்டில் முடிந்தது. ‘மாமா!’ என்று முதல் தடவையாக வாய்விட்டுக் கூப்பிட்டேன். “மூடிகினு வா” என்றார்.

இன்றைக்கும் வீட்டில் எந்த விசேஷமானாலும், புதிதாக வந்தவர்களிடம் மாமா என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான்: “எங்க மாப்ள. ஹார்பர் கேட்ல பேப்பர் இல்லாம கெடந்துச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டு எடுத்தாந்தேன்.” எங்களுக்குள் சண்டை வந்தால் ஸ்டெல்லா என்னிடம் பேசமாட்டாள், நேராக அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, “நைனா, இத எடுத்த எடத்துலயே வுட்டுட்டு வந்துடேன்” என்பாள்.

“ஹார்பர் கேட்டைத் தாண்டி வந்த சரக்கும்மா,” என்பார் அவர். “திருப்பி எடுக்க மாட்டாங்க.”