நாமக்கல்லில் ஒரு முட்டைப் பஞ்சம்

மீன்தொட்டிக்கு முன்னால் இளஞ்செழியன் குத்தவைத்து உட்கார்ந்து அரை மணி நேரமாகியிருந்தது. உள்ளே விரல் நீளத்தில் ஆறு மீன்கள். ஆறும் அவரையே முறைத்தன.

"காப்பி ஆறுதுங்க," என்றாள் மனைவி உண்ணாமலை.

"இரு புள்ள. இது என்ன இனம்னு குரூப்புல ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

குரூப் என்பது சேலம் – நாமக்கல் வண்ணமீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழு. மீன்கள், பைக் சிக்லிட் என்ற அமேசான் ஆற்று மீனின் குஞ்சுகள். குஞ்சாக இருக்கும்வரை எல்லா இனத்துக்கும் உடம்பில் ஒரே கறுப்புக் கோடு, முகத்தில் ஒரே சந்தேகம். வளர்ந்தால் ஒன்று அரைச் சாணோடு நின்றுவிடும்; இன்னொன்று முழம் தாண்டிப் போய் முதலாவதைத் தின்னும். விற்ற கடைக்காரர், "வளந்தா தெரியுங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்.

குழுவின் அட்மின் முபஷிர் துபாய் போகவிருந்தான். பைக் சிக்லிட்டை முதலில் முட்டையிட வைப்பவரே அடுத்த அட்மின் என்று அறிவித்திருந்தான். லாரி புக்கிங் ஆபீசில் இருபது வருடமாக ஒரே மேசையில் இருக்கும் இளஞ்செழியனுக்கு, நானூறு பேரில் யாரையும் ஒரு விரலால் வெளியேற்றக்கூடிய அந்தப் பதவிமேல் ஆசை வந்தது இயல்புதான். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. மனசுக்குள் மட்டும் மூன்று பேரை ஏற்கெனவே நீக்கிவிட்டிருந்தார்.

மூன்று மாதத்தில் மீன்கள் ஓரளவு வளர்ந்தன. ஒரு நாள் தொட்டியைக் கழுவ, உண்ணாமலை மீன்களைக் கையாலேயே பிடித்து இரண்டு பக்கெட்டில் போட்டாள். இதில் மூன்று, அதில் மூன்று. அவளுக்கு முட்டை பொரிக்கும் ஹேச்சரியில் வேலை. மணிக்கு எண்ணூறு கோழிக்குஞ்சுகளை இறக்கையைப் பிரித்துப் பார்த்து, இரண்டு கூடைகளில் போடுவாள். எது எந்தக் கூடைக்கு என்று எப்படித் தெரிகிறது என்பதைப் பத்து வருடத்தில் அவர் கேட்டதில்லை.

"எதுக்கு புள்ள ரெண்டு பக்கெட்டு?"

"கை பழகிப்போச்சுங்க. இதுக வந்து..."

"இரு, இரு."

குனிந்து பார்த்தார். இந்தப் பக்கெட்டு மீன்களின் முதுகுத் துடுப்பில் வெள்ளை விளிம்போடு கறுப்புப் பொட்டு. வயிறு ரோஸ் நிறம். அந்தப் பக்கெட்டில் பொட்டும் இல்லை, ரோஸும் இல்லை.

"ரெண்டு இனம்," என்றார். "கண்டுபுடிச்சுட்டேன்."

"அதில்லீங்க, நான் என்ன சொல்றேன்னா..."

"கோழி வேற, மீனு வேற. நீ கோழியப் பாரு."

உண்ணாமலை கோழியைப் பார்க்கப் போனாள்.

குழு நூறு கட்டைவிரல்களை உயர்த்தி அவரை ஆமோதித்தது. இரண்டு இனத்தையும் சேர்த்து வைத்தால் கலப்பு வந்து வம்சமே கெட்டுவிடும் என்று எச்சரித்தது. இரண்டாவது தொட்டி வந்தது. உண்ணாமலையின் தையல் மெஷின் குளியலறை வாசலுக்குப் போனது.

முட்டை வரவில்லை.

தண்ணீர் சில்லென்று இருப்பதாக ஹீட்டர் வைத்தார். காட்டாற்றுத் தண்ணீர் வேண்டுமென்று பாதாம் இலைகளைப் போட்டார். தொட்டிகள் கடுங்காப்பி ஆயின. சத்தம் ஆகாது என்று மிக்சியைத் தடைசெய்தார். ஒரு மாதம் சட்னி இல்லாமல் இட்லி இறங்கியது. கடைசியில், மீன்களுக்குத் தனிமை வேண்டுமென்று இரண்டு தொட்டிகளுக்கும் சேர்த்துத் திரை போட்டார்.

"ஏனுங்க, இது என் இளம்பிள்ளைப் பட்டுச் சேலைங்க."

"வெளிச்சத்த மட்டா உடுது. அதான் எடுத்தேன்."

முட்டை வருவதற்குப் பதில், மீன்கள் நாளெல்லாம் பக்கத்துத் தொட்டியைப் பார்த்தபடி கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தன. ஜென்மப் பகை என்று தீர்மானித்து நடுவில் ஒரு அட்டையைச் செருகினார்.

"ஒரே ஒருக்கா சேத்து உட்டுப் பாக்கலாமில்லீங்க?"

"கொலை உளுந்துரும் புள்ள."

அவள் உதட்டோரம் ஏதோ நெளிந்தது. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

துபாய்க்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில், ஞாயிறு காலை முபஷிர் சேலத்திலிருந்து நேரில் வந்தான். அவன் வீட்டில் மீன் கிடையாது. குழுவை நிர்வகிக்கவே அவனுக்கு நேரம் போதவில்லை.

"ரெண்டு இனத்தையும் நல்லா மெயின்டெய்ன் பண்றீங்கண்ணே. முட்டை எங்க?"

"தண்ணி இன்னும் செட்டாகலீங்க. ஒரு மாசம் டைம் குடுங்க."

"பாவம்ண்ணே நீங்க. செய்யாதது ஒண்ணும் பாக்கி இல்ல."

அந்தச் சொல்லில் இளஞ்செழியனுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடத்தில் அவர் உழைப்பை ஒருவன் கண்டுகொண்டிருக்கிறான்.

வாசலில் ஹேச்சரி வேன் ஹாரன் அடித்தது. குஞ்சுகளுக்கு ஞாயிறு தெரியாது. உண்ணாமலையோடு ஒரே மேசையில் குஞ்சு பிரிக்கும் பொன்னாயி, அவளைக் கூப்பிட உள்ளே வந்தாள். பட்டுத் திரையைக் கண்டதும் விலக்கினாள். இந்தத் தொட்டியை ஒரு நொடி பார்த்தாள். அந்தத் தொட்டியை ஒரு நொடி பார்த்தாள்.

"ஏனக்கா, பண்ணைல பிரிக்கறது பத்தலைன்னு ஊட்லயும் பொட்டையத் தனியா, சேவலைத் தனியாப் பிரிச்சு வெச்சிருக்கறயா?"