டெரன்ஸுக்காக ஒரு மன்றாட்டு

ஹவுகெட்டோ, ஒஸ்லோ
மார்ச் 2003

திராமன் நகரில் வசிக்கும் என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய பெரிய மச்சான் அருட்செல்வம் அவர்களுக்கு, யேசுரட்ணம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நானும் மகள் சோஃபியும் சுகம். உங்கள் தங்கை இமெல்டா அளவுக்கு மீறிய சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இமெல்டா இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வாய் திறந்து நொர்ஸ்க் பாஷை கதைத்தவளல்ல என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினாளே தவிர, கடையிலும் டாக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் அவளுக்காக நான்தான் கதைத்தேன். அவள் எனக்குப் பின்னால் நின்று சிரிப்பாள். போன இலையுதிர் காலத்தில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதாகி, கீழ்மாடியில் தனியே இருக்கும் குன்வோர் என்ற வயதான நோர்வேக்காரப் பெண்மணியின் கடைப்பையை இவள் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்ததில் எல்லாம் தொடங்கியது. அந்த அம்மாவுக்குக் கண்ணில் புரை. பின்னேரங்களில் வரும் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை விடாமல் பார்ப்பவர். ஆங்கிலம் தெரியாது, திரையின் அடியில் ஓடும் நொர்ஸ்க் எழுத்தும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இமெல்டாவைப் பிடித்து சோபாவில் இருத்தி, "வாசி" என்று எழுத்தைக் காட்டினாராம். இவள் முதல் வரியைக் கூட்டி முடிப்பதற்குள் அங்கே ஒரு கல்யாணம் முடிந்து, மணப்பெண் வேறொருவனோடு விமானம் ஏறிவிட்டாளாம். ஆனாலும் அடுத்த நாளும் போனாள்.

சில மாதங்களில் வாசிப்பு ஓடத் தொடங்கியது, மச்சான். என் நிம்மதியும் கூடவே ஓடியது. தொடரில் வருகிற நொர்ஸ்க்கைத் தவிர வேறு தெரியாததால் எங்கேயும் அதையே கதைக்கிறாள். மீன்கடைக்காரன் வாடிய மீனைக் காட்டியபோது அவன் கண்ணை உற்றுப் பார்த்து, "உன் உண்மை முகம் இன்றுதான் எனக்குத் தெரிந்தது" என்றாள்; அவன் பயந்துபோய் உள்ளேயிருந்து நல்ல மீன் எடுத்துவந்தான். பஸ்ஸைத் தவறவிட்டுப் பிந்தி வந்த என்னிடம், "அவள் யார்?" என்று கேட்டாள். தொடரில் வரும் வனெசா என்ற பணக்காரியின் உயர்ந்த தோள்களைப் பார்த்து, என் பழைய கோட்டின் தோள்பஞ்சை வெட்டியெடுத்துத் தன் சட்டைக்குத் தைத்துக்கொண்டாள். நியூயோர்க் பாட்டுக்காரரைப் போலத் தரையைக் கூட்டும் காற்சட்டை போட்டுத் திரியும் சோஃபியே, "அம்மா, உது இப்ப அமெரிக்காவிலை ஒருத்தரும் போடுறேல்லை" என்றாள். "வனெசா போடுறா" என்று பதில் வந்தது.

சென்ற மாதம் அந்த வனெசாவின் கணவன் டெரன்ஸ் காரோடு மலையிலிருந்து உருண்டு நினைவிழந்தான். எனக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிறு தமிழ்த் திருப்பலியில் நோயாளருக்கான மன்றாட்டில், "நினைவின்றிக் கிடக்கும் சகோதரர் டெரன்ஸுக்காக" என்று வாசித்தார்கள். நானும் உருக்கமாக மன்றாடினேன். பூசை முடிந்ததும், பெயர் கொடுத்தது இமெல்டா என்று அறிந்து, பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் மக்டலீன் அக்கா இமெல்டாவைக் கட்டிப்பிடித்து அழுகிறார்.

"எந்த டெரன்ஸ் பிள்ளை? மன்னார் டெரன்ஸோ?"

"இல்லை அக்கா. இவர் அமெரிக்காவிலை."

"ஐயோ, என்ன நடந்தது?"

"கார் உருண்டிட்டுது. தலையிலை அடி. மனிசி பக்கத்திலைதான் இருக்கிறா."

அதில் பொய் ஒன்றுகூட இல்லை. பின்னேரமே எங்கள் வாசலுக்கு இடியப்பமும் சொதியும் வந்துவிட்டன. விஷயம் தெரிந்ததும் கதவைப் பூட்டிவிட்டுக் கத்தினேன்.

"உமக்கென்ன விசரோ? அவன் நடிகன்! கோயிலையே ஏமாத்திப்போட்டீர்."

"நடிப்பெண்டு எனக்குத் தெரியாதே?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "குன்வோர் சாப்பிடுறா இல்லையப்பா. அவவின்ரை மனுசனும் உப்பிடித்தான் நினைவில்லாமல் கிடந்து போனவர். இவனாவது எழும்பட்டும் எண்டு அழுறா. எனக்கு வேறை என்ன செய்யத் தெரியும்?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இடியப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவளோடு கீழே இறங்கினேன். குன்வோர் அம்மா சொதியில் ஊறிய இடியப்பத்தைக் கரண்டியால் மெல்ல மெல்லச் சாப்பிட்டார். என்னிடம் ஏதோ விரைவாகக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் இமெல்டா பதில் சொன்னாள்: "இவர் என் கணவர். கொஞ்சம் கூச்சக்காரர்." எனக்குக் கூச்சமாம், மச்சான்! ஆனால் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு குன்வோர் அம்மாவின் கண் ஆபரேஷன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு இமெல்டாதான் கூட்டிப் போனாள். டாக்டருடனும் அவளே கதைத்தாள். எல்லாம் நல்லபடி முடிந்து வீடு வந்தவள், சட்டையிலிருந்து தோள்பஞ்சைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்?"

"இனி அவ தானே வாசிப்பா. நான் எதுக்கு?"

கண்கட்டு அவிழ்த்த பின் இருவரும் பார்க்கப் போனோம். என் சட்டையில் குதிரையேறிப் பந்தடிக்கும் மனிதன் ஒருவனை நகத்தளவில் தைத்திருப்பார்கள். பெரிய அமெரிக்கக் கம்பனிச் சட்டை என்று நம்பித்தான் இத்தனை நாளும் போட்டேன். குன்வோர் அம்மா கதவடியிலேயே அதைப் பார்த்து, "உன் குதிரைக்காரன் கையில் தடி இல்லையே, போலிச் சட்டையா?" என்று கேட்டார். அவ்வளவு தெளிந்த கண். தொடர் தொடங்கியது. அவர் சோபாவில் சாய்ந்து, "எழுத்து இன்னும் மங்கலாகத்தான் தெரிகிறது, இமெல்டா. வாசி" என்றார். இமெல்டா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். வாசித்தாள், மச்சான், ஒரு சொல் தடக்காமல்.

ஆனாலும் என் முறைப்பாடு முறைப்பாடுதான். டெரன்ஸுக்காக வீடு வீடாகச் செபமாலை நடக்கிறது. மக்டலீன் அக்கா வனெசாவின் தொலைபேசி இலக்கம் கேட்கிறார். நீங்கள் மூத்தவர், வருகிற ஞாயிறு வந்து தங்கையைக் கண்டித்து, கோயிலில் உண்மையைச் சொல்லி இதை முடித்துவையுங்கள். உங்கள் வீட்டார் எல்லோரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு, தூக்கமில்லாத மைத்துனர்,
யேசுரட்ணம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரம் இமெல்டா கீழிருந்து ஓடிவந்தாள். டெரன்ஸ் கண் விழித்துவிட்டார்! சோஃபியையும் கூட்டிக்கொண்டு கீழே ஓடினோம்; குன்வோர் அம்மா எங்கள் மூவரையும் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் கொஞ்சம் வந்தது. மக்டலீன் அக்காவுக்கு நானே தொலைபேசியில் சொல்லி, ஞாயிறு நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நீங்கள் யாரையும் கண்டிக்க வேண்டாம்; நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள். எவராவது கேட்டால், டெரன்ஸ் உங்கள் பெரியம்மாவின் மகன்.