கேமுக்கேற்ற கன்வர்ட்டர்

கியரைப் போட்டதும் ட்ரக் ஒருமுறை இருமிவிட்டு, மூன்றாம் தடவையாக அணைந்தது.

"சும்மா நின்னா உறுமுது, கியரைப் போட்டா மூச்சை விடுது. போன வாரம் மெதுவாவாவது போச்சே!" என்றாள் மனைவி. அவளுடைய நாற்றுப்பண்ணைக்கு இருப்பது அந்த ஒரு வண்டிதான்.

ஒரு மாதமாக வண்டி சோர்ந்து கிடந்தது. மெக்கானிக்கான கணவர் அதற்குக் கண்ட மருந்து, வெளிச்சந்தையில் வாங்கிய வீரியமான கேம் ஷாஃப்ட், அதாவது இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. தாமே பொருத்தினார். அவரைப் பொறுத்தவரை வண்டி என்பது இன்ஜின். இருக்கை, கதவு, தரைவிரிப்பு யாவும் அலங்காரம். அலங்காரத்தில் அவர் கைவைப்பதில்லை.

"வெள்ளிக்கிழமை மேட்டு ஆஸ்பத்திரிக்கு நூறு தொட்டி போயாகணும். ஏறலைன்னா சனிக்கிழமை இதை வித்துடுவேன்."

"ஏறுமாவா? பறக்கும்!"

வாசலில் நின்ற மாமியார் திடுக்கிட்டார். "பறக்க வேண்டாம் மாப்பிள்ளை. இந்த ஒரு மாசமாத்தான் நிதானமா ஓட்டுறீங்க."

மாமியார் வாயிலிருந்து பாராட்டு! மெக்கானிக் ஸ்பானரைச் செங்கோல்போல் ஏந்திக்கொண்டார்.

முதலில், இன்ஜின் சும்மா ஓடும் வேகத்தைக் கூட்டினார். வண்டி அணையவில்லை, கியரைப் போட்டதும் கன்றுக்குட்டியாய்த் துள்ளிப் பதினொரு தொட்டிகளை நசுக்கியது.

"ஐயோ, பதினோரு தொட்டி!"

"பார்த்தியா பலத்தை?"

பலம் இருந்தது; பொருத்தம் இல்லை. புதிய கேம் அதிகச் சுற்றில்தான் கண்விழிக்கும். இன்ஜினின் விசையை எண்ணெய் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் பழைய டார்க் கன்வர்ட்டரோ, அது விழிக்கும் முன்பே பிடித்து இழுத்தது. தாமதித்துப் பிடிக்கும் கன்வர்ட்டர் வேண்டும்.

"இந்த கேமுக்கு ரெண்டாயிரத்து நானூறு சுத்துல பிடிக்கிறது சரியா இருக்கும்," என்றார் உதிரிபாகக் கடைக்காரர்.

"மூவாயிரத்து ஐந்நூறு கொடுங்க. செய்யறதைத் திருந்தச் செய்யணும்."

அதை மாட்டிவிட்டு மிதித்தார். தெருவே அதிர்ந்தது, எண்ணெய் கருகி நாறியது, வண்டி நத்தைக்கு வழிவிட்டு நின்றது.

"ஏங்க, சத்தம் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு," என்றாள் மனைவி. "செடி எப்போ போகும்?"

வியாழனன்று மீண்டும் கடைக்குப் போனார். கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள், "சோதிச்சுப் பார்த்துட்டேன். ரெண்டாயிரத்து நானூறுதான் சரி," என்று தம் சொந்தக் கண்டுபிடிப்பாக அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை. பின்னால் நூறு தொட்டிகள், பக்கத்தில் மனைவி, பின்னிருக்கையில் மாமியார். மேட்டடியில் நின்று கியரைப் போட்டார். வண்டி இருமவில்லை, துள்ளவில்லை, அலறவில்லை. பாதத்தை அழுத்தினார். மேடு முழுவதையும் ஒரே மூச்சில் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. ஓர் இலைகூட உதிரவில்லை.

"இதை விக்கவே மாட்டேங்க," என்றாள் மனைவி, முதன்முறையாகச் சிரித்து.

"எந்த வண்டியிலும் என் கண்ணுக்குத் தப்பின குறையே கிடையாது," என்றார் மெக்கானிக்.

பின்னிருக்கையில் மாமியார், இறுகப் பிடித்திருந்த கைப்பிடிக் கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பிறகு பெருமூச்சுவிட்டுச் சொன்னார்:

"நீங்க வேகமாப் போகக் கூடாதுன்னு போன மாசம் ஆக்சிலேட்டருக்கு அடியில, விரிப்புக்குக் கீழ ஒரு கட்டை வெச்சேன் மாப்பிள்ளை. ஒண்ணு பத்தலை போலிருக்கு. நாளைக்கு இன்னொண்ணு வெச்சுடறேன்."