தியாகராஜா கருத்துக் கேட்கப் போனார்

மற்றவர்களுடைய கருத்தைக் கேட்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பாளர் கூட்டத்தில், கோயில் திருவிழாக் குழுவில், பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். "நீங்கதான் சொல்லணும், முடிவு பண்ண நான் யாரு?" என்று கைகளை விரித்து, தலையைச் சாய்த்து, குரலைக் குழைத்துக் கேட்பார்கள், நீங்கள் உருகிப்போய் வாயைத் திறப்பதற்குள் "என்னைக் கேட்டா..." என்று தொடங்கி அரை மணி நேரம் பேசுவார்கள், கடைசியில் உங்கள் அருமையான யோசனைக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இவர்களைச் சர்வாதிகாரிகளோடு சேர்த்துவிடாதீர்கள். சர்வாதிகாரி கேட்பதே இல்லை. உங்கள் நேரமாவது மிச்சம்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் ஆயர் ஈத்தாமில் வசிக்கிறார். பெயர் தியாகராஜா. அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மக்கள் நல மேம்பாட்டு மன்றத்தின் நிறுவனர், தலைவர். மன்றத்தில் ஐந்து உறுப்பினர்கள். அவர் போக நால்வரில் இருவர் அவருக்குச் சொந்தம். மற்ற இருவரும் மறுக்கத் தெரியாதவர்கள்.

சென்ற ஆண்டு ஒரு ஹோட்டலில் நடந்த கருத்தரங்கில், ஏழைக் கிராமங்களின் சுகாதாரத் திட்டம் அந்தக் கிராமத்து மக்களிடமிருந்தே பிறக்க வேண்டும் என்று யாரோ பேசிவிட்டார். தியாகராஜாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. அன்று மாலையே, தீவிலிருந்து கடற்பாலத்துக்கு அப்பால், பெருநிலத்தில் உள்ள ஒரு பழைய செம்பனை எண்ணெய்த் தோட்டத்து மக்களிடமிருந்து திட்டம் பிறக்கட்டும் என்று முடிவு செய்தார். மறுநாள் காலையில் திட்டத்தையும் முடிவு செய்துவிட்டார். பூங்காக்களில் சீன முதியவர்கள் வெறுங்காலோடு நடப்பார்களே, கூழாங்கல் பதித்த பாதை, அது.

மனைவி கனகேஸ்வரி தேநீரோடு வந்தபோது அவர் மேசையில் இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பை நிறையக் கூழாங்கல்.

"இஞ்ச பாருங்கோ, அவையளுக்கு என்ன வேணுமெண்டு கேட்டனீங்களோ?"

"அதைக் கேக்கத்தானே போறன்!"

"அப்ப இந்தக் கல்லு?"

"அது, அவை கேட்ட பிறகு காட்டுறதுக்கு."

அம்மையார் தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார். நாற்பது வருட அனுபவம்.

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தோட்டத்துக் கூட்டம். தியாகராஜா காரைக் கொண்டுபோய் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பாதையின் வாயிலில் இருந்த ஒரே மரத்தின் நிழலில் நிறுத்தினார். மரம் ஒன்று, பாதையும் ஒன்றுதான் என்பதை அவர் கவனிக்கவில்லை. மண்டபத்தில் இருபத்துமூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அழைத்து வந்தவர் குணவதி. காலையில் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை. பிற்பகலில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பார், யார் மாத்திரையை விட்டுவிட்டார்கள் என்று விசாரிப்பார், விட்டவர்களைத் திட்டுவார். அரசாங்கக் கிளினிக்கில் பயிற்சி பெற்றவர். கிளினிக் பதினெட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது, பஸ் கிடையாது. இரண்டு வருடங்களாக வியாழன்தோறும், ரொட்டி வியாபாரம் செய்யும் ஹைக்கல் தன் வேனில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போவார். அந்த ஹைக்கல் அடுத்த மாதம் ஈப்போவுக்குக் குடிபெயரப் போகிறார். கருத்துக் கேட்க வந்தவர் கேட்டிருக்க வேண்டிய செய்தி இது ஒன்றுதான்.

அவரும் கேட்டார். முதலில் நாற்பது நிமிடம், மக்கள் பேச வேண்டியதன் அவசியத்தைப் பற்றிப் பேசினார். பிறகு வண்ணத்தாள்களைக் கொடுத்து, "உங்கள் சுகாதாரத் தேவை என்ன? பயப்படாமல் எழுதுங்கள்," என்றார். யாரும் பயப்படவில்லை. எழுதிக் கொடுத்தார்கள். தியாகராஜா ஒவ்வொன்றாகப் படித்தார்.

"வேன்." "வண்டி." "வேன்." "கிளினிக் போக வண்டி." "கெரெத்தா, ஒரு காரு இருந்தா போதும்." "வேன்."

ஒரு மஞ்சள் தாளில் மட்டும், 'கூட்டம் சீக்கிரம் முடியணும்' என்று இருந்தது. கடைசி நாற்காலியில் காலில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்த திருநாவுக்கரசு, பழைய டிராக்டர் ஓட்டுநர், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறொருவராக இருந்தால் திணறிப்போயிருப்பார். தியாகராஜா திணறவில்லை. தாள்களைப் பலகையில் ஒட்டினார், எட்டி நின்று பார்த்தார், முகம் மலர்ந்தது.

"வண்டி என்றால் என்ன? நகர்வது. நகர்வது என்றால் என்ன? நடப்பது! நீங்கள் கேட்பது நடைபாதை!"

எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது.

குணவதி எழுந்தார். "சார், வேன் கேட்டோம்லா."

"நீங்க வேன்னு சொன்னாலும், உங்க உள்ளுக்குள்ள இருக்கற தேவை..."

"உள்ளுக்குள்ளயும் வேன்தான் சார். மணி மூணு ஆயிடுச்சு, கெளம்பணும்."

"இன்னும் ரெண்டே படம் காட்டிடறேன், தங்கச்சி."

இரண்டே படம் என்பது ஒன்பது படம். அதற்கிடையே வெளியே ஹாரன் அடித்தது, நெடுநேரம் அடித்தது, பிறகு நின்றுபோயிற்று. வியர்த்து வழிய ஹைக்கல் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, யாரு கெரெத்தா அது, வழிய மறிச்சிட்டு? என் எஞ்சினை ஆஃப் பண்ணா திரும்பப் பிடிக்காது, அதான் ஓட விட்டேன். இப்ப தண்ணி கொதிச்சு வண்டி செத்துப்போச்சு!"

இருபத்துமூன்று தலைகளும் தியாகராஜாவின் பக்கம் திரும்பின. எவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். பதில் சொல்வதில் அவர் வல்லவர்.

"புண் கட்டுற அறைய நாலரைக்கு மூடிடுவாங்க," என்றார் குணவதி. "போன வாரமே மழையில போக முடியல. இந்த வாரமும் கட்டு மாத்தலைன்னா திருநாவுக்கரசு அண்ணன் காலு தங்காது." பிறகு காரைப் பார்த்தார்.

தியாகராஜா சாவியை எடுத்தார். பின் இருக்கையிலிருந்த பதாகைகள் இறங்கின. அழுத்த மாத்திரை வாங்க வேண்டிய காமாரியாவும் குணவதியும் பின்னால் ஏறினார்கள். முன் இருக்கையில் திருநாவுக்கரசு. அவர் காலை நீட்ட இடமில்லாமல் ஒரு பை இருந்தது.

"என்னா சார் இது, கல்லு?"

"அது... மேல நடக்கறதுக்கு."

"வெறுங்காலுலயா?"

"பாதத்துல நரம்பெல்லாம் தூண்டி விடும்னு..."

திருநாவுக்கரசு தன் கட்டைப் பார்த்தார். "எனக்கு இனிப்புநீர் சார், சக்கர வியாதி. பாதத்துல உணர்ச்சியே இல்ல. ஆணி ஏறினதுகூடத் தெரியாது, அதோட ரெண்டு நாளு நடந்திருக்கேன். தரையில ரத்தத்தப் பாத்துட்டு, யாருக்கோ அடிபட்டிருக்குன்னு நான்தான் தேடிப் பாத்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

தியாகராஜாவால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பாதை போட்டிருந்தால் முதல் நாள் ரிப்பன் வெட்டியதும் யாரை நடக்கச் சொல்லியிருப்பார் என்று யோசித்தார். முன் வரிசை முழுவதையும் நடக்கச் சொல்லியிருப்பார். காரை விரட்டினார்.

நாலேகாலுக்குக் கிளினிக். பதிவேட்டை வைத்திருந்த தாதி, மிஸ்ஸி ஷர்மினி, "கூட வந்தது யாரு?" என்று கேட்டாள். நிறுவனர், தலைவர் என்று சொல்ல வாயெடுத்தார். "டிரைவர்," என்றார் குணவதி. அப்படியே பதிவாயிற்று.

கட்டு அவிழ்ந்தபோது இரண்டு விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பாதத்துக்கு அடியில் ஒரு குழி. "டிரைவர் அண்ணே, காலைக் கொஞ்சம் பிடிங்க," என்றாள் மிஸ்ஸி. பிடித்தார். அவள் குழியைக் கழுவும்போது திருநாவுக்கரசு, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல ஆர்வமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கவே இல்லை. அதுதான் தியாகராஜாவால் தாங்க முடியவில்லை.

"நல்லவேளை வந்தீங்க," என்றாள் மிஸ்ஸி. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா எலும்புக்குப் போயிருக்கும்."

திரும்பும் வழியில் பதினெட்டுக் கிலோமீட்டரும் தியாகராஜா பேசவில்லை. காமாரியாவுக்கே பயம் வந்துவிட்டது. சாருக்கும் அழுத்தம் பார்க்கலாமா என்று குணவதியின் காதில் கேட்டார். லயத்தில் இறக்கிவிட்டபோது தியாகராஜா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அடுத்த வியாழன் எத்தனை மணிக்கு வரணும்ண்ணே?"

"ரெண்டே முக்காலுக்கு வாங்க," என்றார் திருநாவுக்கரசு. "பேசாம வாங்க."

போனார். ஹைக்கல் ஈப்போவுக்குப் போன பிறகும் போனார். மன்றத்தின் மற்ற நால்வரையும் முறை வைத்து மாதம் ஒரு வியாழன் ஓட்ட வைத்தார். ஐந்து மாதத்தில் புண் மூடிக்கொண்டது. திருநாவுக்கரசு இப்போது செருப்புப் போட்டுக்கொண்டு, கோலூன்றிக் கடைவரை நடக்கிறார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? சென்ற மாதம் லிட்டில் இந்தியாவில் நடந்த ஒரு விருந்தில் மேடையேறி, "நீண்ட ஆய்வுக்குப் பிறகு, அந்த மக்களின் உண்மையான தேவை வாகனம் என்பதை நான் கண்டறிந்தேன்," என்றார். செய்தி குணவதிக்குப் போயிற்று. "கண்டுபிடிச்சிட்டுப் போகட்டும்லா," என்றார் அவர். "வியாழக்கெழமை வண்டி வருதுல்ல?"

இதைப் படிக்கும்போதே இரண்டு மூன்று பேருடைய முகங்கள் உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஒருவருக்கு இதை அனுப்பி வைக்கவும் நினைத்திருப்பீர்கள். அதற்குமுன் ஒரு சின்னச் சோதனை. வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, "உனக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் முழுதாக வந்து முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.

என்ன, அவர்கள் சொல்வது தப்பு என்று அதற்குள் தோன்றிவிட்டதா?