மூன்றாம் ஓலைக்குப் போன ஹைப்ரிட் வண்டி

எனக்கு எஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இன்றைக்கு இதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாராவது என் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அப்போது நான் தினமும் நாலு மணி நேரம் மொபைலில் கார் வீடியோ பார்க்கிறவன். பார்த்ததெல்லாம் எனக்கு வந்துவிட்டது என்று முழுசாக நம்பினவன். (வேலை என்னவோ சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபாக்டரியில், டப்பாவில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான்.)

வண்டியும் என்னுடையது இல்லை, நைனாவுடையது, அதாவது அப்பாவுடையது. நைனா கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆன கையோடு ஒரு ஹைப்ரிட் கார் வாங்கினார். அதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, பேட்டரியில் ஓடுகிற மோட்டாரும் உண்டு. எது எப்போது ஓட வேண்டும் என்று வண்டியே முடிவு செய்துகொள்ளும். மெதுவாகப் போனால் எஞ்சின் அணைந்து, பூனை மாதிரி நகரும். மீட்டரில் ஒரு பச்சை விளக்கு எரியும். அந்தப் பச்சை விளக்குதான் நைனாவுக்கு உயிர். தெருவில் யார் கிடைத்தாலும் ஏற்றி உட்காரவைத்து, "ஓடிக்கினு இருக்குது பாரு, சத்தம் வருதா? வருதா?" என்று கேட்பார். வரவில்லை என்று ஒப்புக்கொண்டால்தான் இறக்கி விடுவார்.

எனக்கு அதுதான் அவமானம். இருபத்தொன்பது வயது வாலிபன் ஓட்டுகிற வண்டி கொஞ்சமாவது உறும வேண்டாமா? அதுவும் கல்யாணம் நிச்சயமான நேரத்தில்?

பெண் கிரேஸ், திருப்பதியில் ஸ்கூல் டீச்சர். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். (பாஸ்டரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.) யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் ஓலைக்கு மட்டும் பெண்ணும் பிள்ளையும் சபைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் ஐயர் போட்ட சட்டம். நிற்காவிட்டால் வாசிக்க மாட்டார். வாசிக்காவிட்டால் கல்யாணம் கிடையாது.

எங்களுக்கு ஞாயிறு மூன்றாம் ஓலை, திங்கள் கல்யாணம், புதன் லெந்து, அதாவது தவக்காலம் ஆரம்பம். லெந்து நாற்பது நாளும் எங்கள் கோவிலில் தாலி கட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோட்டைவிட்டால் ஈஸ்டர் தாண்டும் வரை நான் ஒண்டிக்கட்டை.

சனிக்கிழமை மத்தியானம் நைனா சாவியைக் கொடுத்தார். "திருப்பதில ராத்திரி ஃப்ரெண்டு வூட்ல தங்கிக்கோ. காலைல பொண்ணையும் அவங்க அம்மாவையும் கூட்டிக்கினு வா. மத்தவங்க திங்கக்கிழமை பஸ்ல வராங்க. பத்திரம்டா, பத்திரம், பத்திரம்." மூன்று பத்திரத்தையும் வண்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் நேராகத் திருப்பதி போய், திருச்சானூர் ரோட்டில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் நின்றேன். இரண்டு மாதமாக ரகசியமாக வாங்கி ஃபாக்டரி லாக்கரில் ஒளித்துவைத்த சாமான்கள் டிக்கியில் இருந்தன. எஞ்சினுக்குக் காற்றை அள்ளிக்கொடுக்கும் சிவப்புக் கூம்பு ஃபில்டர் ஒன்று. ஆள் தலை போகிற அளவு வாயுள்ள சைலன்சர் ஒன்று.

கடைக்காரன் ரமேஷ் நல்லவன். "அண்ணா, ஹைப்ரிட்டுக்கு இதெல்லாம் நான் போட்டதே லேது. பவர் ஏறுமான்னு தெரியாது," என்றான்.

நான் விரலை ஆட்டி அவனுக்குப் பாடம் எடுத்தேன். "எந்த எஞ்சினா இருந்தாலும் காத்துதான் அதுக்கு சோறு. நிறைய துன்னா நிறைய வேலை செய்யும். நீ போடு."

போட்டான். பிறகு அவன் உள்ளே துடைக்கும்போதுதான் பின்சீட்டுக்குப் பக்கத்தில் சின்னக் கம்பி ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை இருந்ததைப் பார்த்தேன். காதை வைத்தால் உள்ளே 'உய்ய்ய்' என்று ஒரு சத்தம். அந்த சீட்டில்தான் காலையில் கிரேஸின் வெள்ளைக் கல்யாணப் புடவை வரப்போகிறது. ரோடு முழுக்க கிரானைட் லாரி. எனக்கு மூளை வேலை செய்தது. (அன்றைக்கு அது லீவு போட்டிருக்கலாம்.)

"ரமேஷ், இது வழியாத்தான் தூசி வருது. அடைச்சுடு."

"சரேண்ணா," என்று ரெக்சின் வெட்டி, கம் தடவி, சீட் கவரோடு சேர்த்து அழகாக ஒட்டிவிட்டான். தொட்டுப் பார்த்து, "சூப்பர்" என்றேன். நானேதான் சொன்னேன், என் வாயால்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு கிரேஸ் வீட்டு வாசல். புடவைப் பெட்டி பின்சீட்டில் ஏறியது. உள்ளே சில்லென்று இருக்கட்டுமே என்று ஏசியைப் போட்டு வண்டியை ஆனில் வைத்துவிட்டு இறங்கினேன். எஞ்சின் அணைந்திருந்தது, மூச்சுப் பேச்சில்லை. கிளம்புவதற்கு முன்னால் ஜெபம் பண்ண வேண்டும் என்றார் வருங்கால மாமியார். அத்தை ஜெபம் பண்ண ஆரம்பித்தால் சொந்தக்காரர்கள் பெயர் எல்லாம் வரிசையாக வரும். தலையைக் குனிந்து நின்றோம். அத்தை கண்ணை மூடி, பானெட்டின் மேல் ஒரு கையை வைத்து, "இந்த வாகனத்தையும் இதை ஓட்டுற பிள்ளையையும் உம்முடைய கையில..." என்றார்.

ட்ட்டர்ர்ர்ர்ர்ராங்!

பேட்டரி கொஞ்சம் இறங்கினால் ஹைப்ரிட் வண்டி யாரையும் கேட்காமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக்கொள்ளும். நைனா வண்டியில் அது வெளியே தெரியாது. என் சைலன்சரில் அது தெரு முழுக்கத் தெரிந்தது. அத்தை "ஐயோ ஆண்டவரே!" என்று அலறி, கையை உதறிக்கொண்டு கேட்டில் போய் முட்டினார். மாடியிலிருந்து ஒருவர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே எட்டிப் பார்த்து, "ஏமைந்தி, கேஸ் சிலிண்டர் வெடிச்சிதா?" என்றார். ஜெபம் ஆமென் சொல்லப்படாமலே முடிந்தது.

"இன்னா இது?" என்றாள் கிரேஸ்.

"பெர்ஃபார்மன்ஸ்," என்றேன்.

சந்திரகிரி தாண்டியதும் ரோடு கொஞ்சம் காலி. காட்ட வேண்டாமா? மிதித்தேன், விட்டேன், மறுபடி மிதித்தேன். லாரியைத் தாண்டினேன், பஸ்ஸைத் தாண்டினேன். பின்சீட்டில் அத்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். "எப்டி இழுக்குது பாத்தியா?" என்று கிரேஸைக் கேட்டேன். அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம்தாங்க வேகமா போவுது. வண்டி அப்டியேதான் இருக்குது."

சுருக்கென்றது. ஏனென்றால் எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. மைலேஜ் வேறு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குறைந்திருந்தது. அந்தக் கோபத்தில் இன்னும் மிதித்தேன்.

பூதலப்பட்டு வருவதற்கு முன்னால் 'டிங்' என்று ஒரு சத்தம். மீட்டரில் சிவப்பாக ஒரு முக்கோணம். பேட்டரி சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்து என்று இங்கிலீஷில் எழுத்து. நான் நிறுத்தவில்லை. அதுவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. எவ்வளவு மிதித்தாலும் ஊர்வலம் போகிற வேகம்தான், சத்தம் மட்டும் ராக்கெட். கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று எங்களை நிதானமாக ஓவர்டேக் பண்ணியது. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், இவ்வளவு கத்துகிற வண்டி ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்று. கொஞ்ச தூரத்தில் அதுவும் நின்றுபோனது.

மணி எட்டரை. ஒன்பதரைக்கு ஆராதனை. பைபாஸில் பஸ் ஒன்றும் நிற்கவில்லை, கையைக் காட்டினால் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். சூடு என்றால் எஞ்சின்தானே? பானெட்டைத் திறந்தேன். சிவப்பு ஃபில்டர்தான் குற்றவாளி என்று தீர்மானித்து, விரலைச் சுட்டுக்கொண்டு கழற்றி, "அத்தை, எஞ்சினுக்குக் காத்து குடுக்கறது இதுதான், கொஞ்சம் புடிங்க" என்று அவர் கையில் கொடுத்தேன். சலவை செய்த வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை கரி. போய் ஸ்டார்ட் பண்ணினேன். முக்கோணம் அப்படியே இருந்தது.

"நைனாவுக்கு போன் பண்ணுங்க," என்றாள் கிரேஸ்.

"வேணாம்! கொன்னுடுவாரு!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். டாஷ்போர்டு டப்பாவைத் திறந்தாள். வண்டியோடு வந்த புத்தகம் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது. (எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்கே கவர் பிரிப்பதில்லை.) பல்லால் கடித்துப் பிரித்தாள். அவள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறவள். அதே குரலில், நிறுத்தி நிறுத்தி, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்.

"பேட்டரி பின்னாடி இருக்குது. அதைக் குளிர வைக்கிற காத்து, பின்சீட்டுப் பக்கத்துல இருக்கிற ஓட்டை வழியா உள்ள போவுது. அந்த ஓட்டையைத் துணியாலயோ பையாலயோ எதாலயும் எப்பவும் மூடக் கூடாது." நிமிர்ந்தாள். "எங்க இருக்குது அந்த ஓட்டை?"

எஞ்சினுக்குக் காற்று வேண்டும் காற்று வேண்டும் என்று இரண்டு மாதம் அலைந்தவன், மூச்சுவிடுகிற இடத்தை கம் போட்டு ஒட்டியிருக்கிறேன்! விரலை மட்டும் நீட்டினேன்.

"யார் மூடுனது?"

மறுபடியும் விரலை நீட்டினேன், இந்த முறை என்னை நோக்கி.

கிரேஸ் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, ரெக்சினைக் கிழித்து எறிந்தாள். உள்ளே இருந்து குப்பென்று சூடு அடித்தது. நாலு கதவையும் திறந்துவைத்து, கீர்த்தனைப் புத்தகத்தால் அவள் ஒரு பக்கம் விசிற, புடவை முந்தானையால் அத்தை ஒரு பக்கம் விசிறினார். "முன்னாடிதான் காத்து வேணும்னு சொன்னீங்க மாப்ளே, இது பின்னாடி கேக்குதே?" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு நைனா போன். கோவில் வராண்டாவிலிருந்து கிசுகிசுத்தார். "எங்கடா இருக்கிறீங்க? பாட்டு முடிஞ்சிடுச்சு!"

"வந்துக்கினே இருக்கிறோம் நைனா. ஐயரைப் பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்டச் சொல்லு."

"நீட்டறதுக்கு அவருக்குச் சொல்லித் தரணுமா? ஓலை வாசிக்கிறப்ப நீ இங்க நிக்கணும், அவ்ளோதான்!"

பத்து மணிக்கு முக்கோணம் மறைந்தது. ஃபில்டர் மாட்ட நேரமில்லை. எஞ்சினுக்கு நேராக ரோட்டுத் தூசியையே ஊட்டிக்கொண்டு பறந்தோம். வழியெல்லாம் நான் மனசுக்குள் அழுதேன், பொய் சொல்லவில்லை. இத்தனைக்குப் பிறகு இந்தப் பெண் இறங்கி அடுத்த பஸ்ஸில் திருப்பதிக்குத் திரும்பினால் என்ன செய்வேன் என்றிருந்தது. அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோவிலுக்குள் நாங்கள் ஓடவும் ஐயர் ஓலையைக் கையில் எடுக்கவும் சரியாக இருந்தது. முன்னால் போய் நின்றோம். கிரேஸுக்குக் கூந்தல் அவிழ்ந்து தொங்கியது. என் சட்டை மெக்கானிக் ஷெட்டுக்குத் துடைக்கக் கொடுத்தது போல இருந்தது. அத்தை முதல் வரிசையில் நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் அந்தச் சிவப்பு ஃபில்டர்! ரோட்டோரம் பிடித்தவர் பாவம், யாரும் கீழே வைக்கச் சொல்லாததால் கோவிலுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். நைனா அதைப் பார்த்தார். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் மெதுவாக மாறியது.

ஐயர் வாசித்து முடித்தார். "இவர்கள் விவாகத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டானால் இப்பொழுதே சொல்லலாம்."

நைனா எழுந்து நின்றார்.

"ஐயரே, எனக்கு ஆட்சேபணை இருக்குது."

ஐயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஆர்கன் வாசிக்கிற அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பெற்ற அப்பனே எழுந்து நிற்கிறான் என்றால்? பக்கத்தில் கிரேஸ் என் சட்டைக் கையைப் பிடித்தாள், கரியோடு சேர்த்து.

"கல்யாணத்துக்கு இல்ல ஐயரே," என்றார் நைனா, ஃபில்டரைச் சபைக்கு நேராகத் தூக்கிக் காட்டி. "பொண்ணு தங்கம். இவன் என் வண்டியைத் தொடறதுக்குத்தான் ஆட்சேபணை. இதையும் ஓலையில சேத்து எழுதிக்கோங்க."

முதலில் சிரித்தது கிரேஸ். பிறகு கோவிலே சிரித்தது. ஐயர் தொண்டையைச் செருமி, அந்த ஆட்சேபணை சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று தீர்ப்புச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. வண்டியை நைனா ஓட்டினார், டிக்கியில் கிடந்த பழைய சைலன்சரை ஞாயிறு ராத்திரியே மாட்டி. பிறகு சர்வீஸ் சென்டரில் ஒருத்தர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். "சார், இதுல எஞ்சின் ஒண்டியா இழுக்கறது கிடையாது. மோட்டாரும் அதுவும் சேர்ந்துதான் இழுக்குது, எவ்வளவு இழுக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லுது. ஒருத்தனுக்கு மட்டும் பிரியாணி போட்டா வேலை ஜாஸ்தி நடக்குமா?" அப்படியென்றால் வெளியில் வாங்கிப் போடுகிற பார்ட்ஸால் பிரயோஜனமே இல்லையா என்று கேட்டேன். "சத்தத்துக்கு இருக்குது சார்," என்றார்.

இப்போது எங்கள் சபையில் யாருக்கு ஓலை வாசித்தாலும், ஐயர் "ஆட்சேபணை உண்டானால்" என்று கேட்டுவிட்டு அரை நிமிஷம் நிறுத்துகிறார். மொத்தக் கோவிலும் திரும்பி நைனாவைப் பார்க்கிறது. நைனா கம்பீரமாக எழுந்து, ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளைப் பையனை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, உங்க நைனா வண்டியைத் தொட்டியா?" என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினால்தான் உட்காருகிறார். போன மாதம் ஒரு பையன் பயத்தில் அழுதேவிட்டான்.