உப்பில்லாத சுண்டலுக்கு ஒரு கையெழுத்து

இந்த ஊரில் பப்ஸ் வாழ வேண்டும் என்று நான் சபதம் எடுத்தது ஒரு வியாழக்கிழமை.

காரணம் என் மனைவி ஃபஹ்மிதா. மேலப்பாளையத்தில் தொடக்கப் பள்ளி டீச்சர். அந்தப் பள்ளிக்கு நேர் எதிரேதான் என் பேக்கரி. பதினோரு மணி இடைவேளைக்கு மணி அடித்தால் அறுபது பப்ஸ் காலி. ராஜ வாழ்க்கை. அதில்தான் அன்று மண் விழுந்தது.

“வார திங்கள்லேருந்து இடைவேளைக்குப் பிள்ளைகளுக்குச் சுண்டல். பள்ளிக்கூடத்துலயே குடுக்கோம்” என்றாள்.

“என் பப்ஸ் என்னளா பாவம் செஞ்சுது?”

“பிள்ளைக எண்ணெயத் தின்னுட்டுப் பதினொன்னரைக்கே கொட்டாவி விடுதுக.”

“அது உன் பாடத்தால இருக்கும்.”

சிரித்தாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். மாறாக, திட்டம் போட்டேன்.

“மொத நாள் சுண்டலை நானே அவிச்சுத் தாரேன்.”

“நெசமாவா?”

“பிள்ளைகளுக்குத்தானே.”

வாயில் தேன், மனசில் வேறு கணக்கு. உப்பே போடக் கூடாது. முதல் நாளே துப்பிவிட்டால் ஆயுசுக்கும் சுண்டல் பக்கம் திரும்ப மாட்டார்கள். பப்ஸ் பிழைக்கும்.

திங்கள்கிழமை வீட்டில் அவித்த ஓர் அண்டா கொண்டைக்கடலையைப் பள்ளியில் இறக்கினேன். வேடிக்கை பார்க்க ஓரமாக நின்றேன். தலைமையாசிரியை விஜயஸ்ரீ ஒரு நோட்டோடு வந்தார்.

“அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு எது குடுத்தாலும் மொதல்ல பெத்தவங்கள்ல ஒருத்தர் தின்னு பார்த்து இதுல எழுதணும். இன்னைக்கு நீங்கதான்னு ஃபஹ்மிதா டீச்சர் சொன்னாங்க.”

ஃபஹ்மிதா தட்டைக் கொண்டு வந்தாள். கல்யாண வீட்டுப் பிரியாணி மாதிரி குவித்திருந்தாள். எதிரே அறுபது ஜோடிக் கண்கள். முன்வரிசையில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் தஸ்மியா, “எங்க வாப்பா அவிச்சது” என்று பக்கத்துப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாய் போட்டேன். ஈரச் சாக்பீஸை மென்றது போலிருந்தது.

“எப்படி இருக்கு?” என்றாள் ஃபஹ்மிதா.

உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வேன். “மாஷா அல்லாஹ்” என்றேன்.

“அப்போ மிச்சம் வைக்காதீங்க. பிள்ளைக பாக்குதுல்லா.”

கண்ணில் நீர் முட்ட முட்டத் தட்டைக் காலி செய்தேன். நோட்டில், ‘உப்பு சரியாக இருக்கிறது. மிக நன்று. தாஜ் முகம்மது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மை காய்வதற்குள் ஃபஹ்மிதா பையிலிருந்து ஒரு பொட்டலம் உப்பையும் ஒரு டப்பாவையும் எடுத்தாள். டப்பாவில் கடுகு தாளித்த தேங்காய்ப்பூ, பொடியாக நறுக்கிய மாங்காய். எல்லாவற்றையும் அண்டாவில் கொட்டிக் கிளறினாள். வாசனை என் கடை வரை போயிருக்கும். பிள்ளைகள் இரண்டாம் முறை தட்டை நீட்டினார்கள். தஸ்மியா மூன்றாம் முறை. வீட்டில் ஒரு வாய் ஊட்டத் தெருவெல்லாம் ஓடவிடுகிறவள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

“ஒனக்கு எப்படித் தெரியும்?” பையக் கேட்டேன்.

“உப்பு ஜாடிய நேத்துதான் வாய் முட்ட நெறச்சேன். இன்னைக்குக் காலையில சுண்டல் அவிச்ச பொறவும் அப்படியே இருக்கு.”

அதற்குள் தலைமையாசிரியை நோட்டைப் படித்துவிட்டார். “பேக்கரிக்காரர் வாயாலயே மிக நன்றுன்னு வந்துட்டு. இந்த வருசம் பூரா நீங்களே அவிச்சுத் தாங்க அண்ணாச்சி.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். எப்படியாவது காப்பாற்று என்று மனைவியைப் பார்த்தேன்.

“நீங்க அவிச்சாப் போதும்” என்றாள். “உப்பை நான் போட்டுக்கிடுதேன்.”